இலங்கையின் வன்னியில் உரிமைக் காணொளி எடுக்கப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்துக்கு உள்ளே ஒரு வீட்டில் நாங்கள் முதன்முதலாகக் கமராவை விரித்தபோது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "இது எத்தினையாவது படம் தம்பி?" எங்களுக்கு விளங்கவில்லை. அவரே விரல் மடித்து எண்ணினார். முகாமில் இருந்தபோது ஒன்று. திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது ஒன்று. வீடு கட்டித் தந்தவர்கள் எடுத்தது இரண்டு. கிணறு தந்தவர்கள் எடுத்தது ஒன்று. "ஒண்டையும் எனக்கு ஆரும் கொண்டுவந்து காட்டேல்லை" என்றார்.

நாங்கள் போனது தனிமனித சுதந்திரம் பற்றி ஒரு கல்விக் காணொளி எடுக்க. அன்று கமராவை மடித்து வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். அதற்குமேல் அங்கே என்ன படிப்பிப்பது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் இப்போது அடிக்கடி வந்து கேட்கிறார்கள். எங்கே பதிவது, காசுக்கு எங்கே போவது, எதைப் பற்றி எடுப்பது என்று. நாங்கள் தடக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து, செய்யவேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முன்னே போனவர்களைப் பாருங்கள்

நன்கொடைப் பணத்தில், இலாபம் பாராமல், தனிமனித சுதந்திரத்தைப் படம் காட்டிப் படிப்பிக்கும் அமைப்புகள் அமெரிக்காவில்தான் அதிகம். அங்கே 1946 இல் லெனார்ட் ரீட் தொடங்கிய பொருளாதாரக் கல்வி அறக்கட்டளை பல காலம் துண்டுப்பிரசுரமும் சஞ்சிகையுமாக இயங்கியது. 1980 இல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் பொதுத் தொலைக்காட்சியில் பத்துப் பகுதித் தொடர் ஒன்றைச் செய்து இதே கருத்துகளை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோனார். யூரியூப் வந்தபிறகு 2009 இல் பிரேகர் யூ, 2011 இல் லேர்ன் லிபர்ட்டி. பிரேகர் யூவின் பெயரில் பல்கலைக்கழகம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பட்டம் தரும் இடமல்ல. பழமைவாதச் சார்பை மறைப்பதும் இல்லை. ஐந்து நிமிடம், ஒருவர், ஒரு கருத்து, பக்கத்தில் அசையும் படம் என்பதுதான் அதன் அச்சு.

அவர்களிடம் எடுக்கக்கூடியது அந்தச் சுருக்கம். வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளுக்கு அங்குள்ள இரண்டு விதிகளையும் எடுக்கலாம். தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு தேடக்கூடாது. வருடாந்த வரவுசெலவுப் படிவத்தை யார் கேட்டாலும் காட்டவேண்டும். இங்கே அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது. ஆனாலும் இரண்டையும் உங்கள் யாப்பில், அதாவது அமைப்பின் விதிகளில், எழுதிவிடுங்கள். உள்ளூராட்சித் தேர்தல் வரும்போது ஏன் என்று தெரியும்.

இன்னொரு பாடமும் உண்டு. யூரியூப் தங்கள் காணொளிகளை ஒடுக்குகிறது என்று பிரேகர் யூ கூகுள் மீது வழக்குப் போட்டது. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. யூரியூப் தனியார் இடம், அரசல்ல, ஆகவே அமெரிக்க அரசியலமைப்பின் பேச்சுரிமை அதைக் கட்டாது என்பது தீர்ப்பு. உங்கள் சனலும் ஆருடையதோ காணியில் போட்ட கொட்டில்தான். மூலப் பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.

எடுக்கக்கூடாதது அவர்களுடைய எதிரியை. அங்கே அநேக காணொளிகளில் பிரச்சினை ஒன்றுதான்: அரசு பெருத்துவிட்டது. அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் கிடைக்குமா, உரம் வருமா, இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று பார்த்திருக்கும் சனத்துக்கு முன்னால் போய் "அரசு விலகட்டும்" என்று வகுப்பெடுத்தால் எழும்பிப் போய்விடுவார்கள். ஆனால் அதே சனத்திடம் "உங்கட காணியை உங்கட விருப்பத்துக்கு விக்க ஏலுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு நீங்கள் பேசத் தேவையில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

இது சின்ன விசயம்போல் தெரியும். எங்களுக்கு இதற்கே இரண்டு மாதம் போனது. "சுதந்திரம்" என்றால் வன்னியில் பெப்ரவரி 4, அரசின் சுதந்திர தினம், நினைவுக்கு வருகிறது; முகம் சுருங்கும். "விடுதலை" என்றால் வேறொன்று நினைவுக்கு வருகிறது. குரல் தாழும், சிலர் வாசலை எட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் கூட்டத்தின் சொற்களாகிவிட்டன. ஒரு தனியாள் தன் வாழ்க்கையைத் தானே முடிவுசெய்வதைச் சொல்ல அவற்றில் இடமில்லாமல் போயிற்று. "உரிமை" பரவாயில்லை, ஆனால் கருத்தரங்குகளில் தேய்ந்த சொல். கடைசியில் ஊர்ப் பேச்சிலிருந்தே எடுத்தோம்: "ஆர் முடிவெடுக்கிறது?" காணியை ஆர் முடிவெடுக்கிறது, கலியாணத்தை ஆர் முடிவெடுக்கிறது, படத்தில் வருவதை ஆர் முடிவெடுக்கிறது. ஒவ்வொரு காணொளியும் இந்தக் கேள்வியோடு தொடங்கும். நீங்கள் வேறு சொல் கண்டுபிடிக்கலாம். தமிழ்நாட்டுச் சனல்களின் பேச்சை மட்டும் இரவல் வாங்காதீர்கள். இங்கத்தைய ஆள் இங்கத்தைய பேச்சில் சொன்னால்தான் பின்வாங்கில் இருப்பவர் நிமிர்வார்.

எதைப் பற்றி எடுப்பது

இதில் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அநேகர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரிய தத்துவத்தில் தொடங்கி மூன்றாவது காணொளியில் மூச்சு வாங்கும். பத்திரம், படிவம், கந்தோர் யன்னல் என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள்.

தகவல் அறியும் உரிமை நல்ல தொடக்கம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்; 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய உதவவேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்பான கோரிக்கை என்றால் 48 மணித்தியாலம். இந்தக் கடைசி வரியை வாசிகசாலையில் சொன்னபோது ஒரு தாய் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்று கவனியுங்கள்: இந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு. கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் மாமா தானே விண்ணப்பிக்க வெளிக்கிட்டால், ஊரிலிருக்கும் தங்கையை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது காணி. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி பேமிற் காணி, அதாவது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. இரண்டு தலைமுறை பாடுபட்டாலும் நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. பிரதேச செயலகத்தின் சம்மதம் குறுக்கே நிற்கும். பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி ஆருக்கு என்று, நியமிக்காமல் செத்தால் காணி ஆருக்குப் போகும் என்ற சட்ட அட்டவணை ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்திருந்தது. 2022 இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. இது தெரியாமல் இன்னும் "காணி தம்பிக்குத்தான்" என்று ஒதுங்கும் அக்காமார் எத்தனையோ பேர். ஒரு ஐந்து நிமிடம் இதற்கே தாராளமாகப் போதும்.

உறுதிக் காணி, அதாவது உறுதிப்பத்திரம் உள்ள சொந்தக் காணி, என்றால் வடபகுதித் தமிழரின் தேசவழமை வரும். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் நடைமுறைக்கு வந்த வழமைச் சட்டம் அது. திருமணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற விதி 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்டது. கணவன் 2009 இல் காணாமற்போனவர் என்றால்? ஆரிடம் சம்மதம் வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வழி அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு சட்டத்தரணியை உட்காரவைத்து இதை மட்டும் பேசவிடுங்கள்.

அரசியலமைப்பை உறுப்புரை உறுப்புரையாக எடுக்க ஆசை வரும். வேண்டாம், பயன்படும் இரண்டு மூன்றை எடுங்கள். கைதுசெய்யும்போது காரணத்தைச் சொல்லவேண்டும் என்பது 13(1). பேச்சுரிமையும் நடமாடும் உரிமையும் 14 இல். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், அதுவும் கொழும்பில். ஏ9 வீதியில் பஸ் ஏறும் தூரத்தையும், வழக்குச் செலவையும் அந்த ஒரு மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். இதற்காகத்தான் மனித உரிமைகள் ஆணைக்குழு பற்றியும் சொல்லவேண்டும். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இந்த ஒரு தகவலுக்காகவே எங்கள் காணொளியைச் சிலர் போனில் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

14 ஆம் உறுப்புரையின் உரிமைகள் பிரசைகளுக்கு என்று சொல்லும்போது, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிக் காடுகளை வெட்டிக் குடியிருந்தவர்களை மறந்துவிடாதீர்கள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய குடும்பங்கள் அவை. எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குடும்பங்களில் பத்திரம் என்பது சாதாரணக் கடதாசி அல்ல.

அப்புறம் நம்மட வீட்டுச் சங்கதி. அரசைப் பற்றி மட்டும் பத்துக் காணொளி எடுத்துவிட்டு, சீதனத்தையும் சாதியையும் தொடாமல் போனால் அது சுதந்திரக் கல்வி அல்ல, முறைப்பாடு. அரசியலமைப்பின் 12(3) சாதியைக் காட்டிக் கடையிலோ, உணவகத்திலோ, ஒருவர் தன் சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடத்திலோ தடுக்கக்கூடாது என்கிறது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலிருந்தே இருக்கிறது. இதை எடுக்க வெளிக்கிட்டபோதுதான் எங்களுக்கு மண்டபம் தரச் சம்மதித்த ஒரு கோயில் நிர்வாகம் திடீரென்று அந்தத் திகதியில் கலியாணம் இருக்கிறது என்றது. மரத்துக்குக் கீழே காட்டினோம்.

பதிவும் வங்கியும்

ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் வேலை என்றால் பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதியலாம். மாவட்டம் முழுக்க என்றால் மாவட்டச் செயலகம். இவற்றுக்கெல்லாம் அடி 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம். நாடு முழுக்க, அல்லது வெளிநாட்டுப் பெரிய நன்கொடை எதிர்பார்த்து என்றால் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் வரை போகவேண்டிவரும். இன்னொரு வழி, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. பங்கும் இல்லை, இலாபப் பங்கீடும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கணக்காய்வும் அறிக்கையும் உண்டு. மூன்று பேரும் ஒரு மடிக்கணினியும் என்றால் சங்கமே போதும் என்பது என் எண்ணம்.

யாப்பு, நிர்வாகத் தெரிவு நடந்த கூட்டறிக்கை, பதிவுச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுபோனால் வங்கி கணக்குத் திறக்கும். கையொப்பம் இரண்டு பேருடையதாக இருக்கட்டும். அதில் ஒருவர் அடுத்த வருடம் வெளிநாடு போகிறவராக இருக்கவேண்டாம். எங்களுக்கு அப்படி நடந்து மூன்று மாதம் காசு எடுக்க முடியாமல் இருந்தோம். வரியையும் மறக்கவேண்டாம். 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் அரச சார்பற்ற நிறுவனத்துக்கு வரும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகக் கணித்து அதற்கு வரி கேட்கிறது. உங்கள் அமைப்பு அதற்குள் வருமா என்று முதல் காசு வருமுன்னே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

காசு

நன்கொடை மூன்று பக்கமிருந்து வரும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு பக்கம். தூதரகங்களும் வெளிநாட்டு அறக்கட்டளைகளும் இன்னொரு பக்கம். மூன்றாவது உள்ளூர்: புடவைக்கடை முதலாளி, அரிசி ஆலைக்காரர், கமக்காரர் அமைப்பு. கடைசிப் பக்கத்தை அநேகர் கணக்கெடுப்பதில்லை. எங்களுக்கு முதல் மைக் வாங்கித் தந்தது ஒரு உழவு இயந்திரத் திருத்தகக்காரர்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விருப்பம் இருக்கும். ஊர்ச் சங்கம் தலைவரின் படத்தை முதலில் போடச் சொல்லும். அறக்கட்டளை தன் கொள்கை வரியைப் பேசச் சொல்லும். ஒரு நன்கொடையாளர், பெயர் வேண்டாம், எங்கள் எழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியபோது ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: "இந்த இடத்தில் அவர் அழுதால் நன்றாக இருக்கும்." பேமிற் காணியின் பின்னுரித்தை விளக்கும் இடம் அது! காசைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த மாதம் இரண்டு பேருக்குப் படி கொடுக்கவில்லை.

அதனால் காசு வாங்குமுன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுத்துப் பிரதியிலும் வெட்டிலும் கடைசி முடிவு உங்களுடையது. நன்கொடையாளரின் பெயர் காணொளியின் கடைசியில் வரும். படத்தில் வருபவர் விலகினால் அவருடைய காட்சி போய்விடும், அதற்காகக் காசைத் திருப்பிக் கேட்கமுடியாது. இந்த மூன்றும் இருந்தால் போதும். எந்த ஒருவரின் காசும் வருட வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் இது நடக்காது. பரவாயில்லை, இரண்டாம் வருடம் நடக்கட்டும்.

புலம்பெயர் அமைப்புகளிடம் வாங்குமுன் வர்த்தமானியைப் பாருங்கள். 2012 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் தடைசெய்யப்பட்ட அமைப்புகளினதும் ஆட்களினதும் பட்டியல் வெளியாகிறது. 2014, 2015, 2021 என்று அதில் பெயர்கள் சேர்ந்தும் கழன்றும் வந்திருக்கின்றன. பட்டியல் சரியா பிழையா என்பது வேறு கதை. உங்கள் கணக்கு முடக்கப்பட்டபிறகு அந்தக் கதையைப் பேசிப் பயனில்லை. வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் காசு வேண்டவே வேண்டாம். வங்கி ஊடாக வரட்டும், ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரவுசெலவை ஒரு தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகிறோம். முதல் தரம் ஒட்டியபோது ஒரு ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்துவிட்டு, "பெற்றோல் கூட" என்றார். உண்மைதான், கூட.

படம் எடுக்கும் நாள்

தருமபுரத்து அம்மாவிடம் இரண்டாம் தரம் கமரா இல்லாமல் போனோம். மூன்றாம் தரம் போனபோது அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் பழைய சேலைத் துண்டு. சேலைத் துண்டுக்குள் காணி அனுமதிப்பத்திரம். நாலாக மடித்த மடிப்பில் எழுத்துகள் தேய்ந்து நடுவில் ஒரு சிலுவைக் கோடு விழுந்திருந்தது. 2009 இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் இடமாகப் போகும்போது பிள்ளையை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமும் கட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார். பத்திரத்தை மேசையில் விரித்தவர், தன் பெயர் எழுதியிருந்த இடத்தில் பெருவிரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

"பத்திரத்தை எடுங்கோ. கையை எடுங்கோ. முகம் வேண்டாம்."

அப்படியே எடுத்தோம். ஐந்து நிமிடமும் ஒரு மேசை, ஒரு பத்திரம், இரண்டு கைகள், ஒரு குரல். இதுவரை நாங்கள் எடுத்ததில் சனம் அதிகம் பகிர்ந்தது அதுதான்.

ஒப்புதல் வாங்கும் முறை இப்படி. படிவம் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள். முகம், குரல், பெயர், ஊர் நாலுக்கும் தனித்தனிக் கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. எங்கே காட்டப்படும் என்பதற்கு இன்னொரு வரிசை: ஊருக்குள் மட்டும், வட்ஸ்அப், யூரியூப். எடுப்பதற்கு முன்னால் ஒரு தரமும் எடுத்து முடிந்தபிறகு ஒரு தரமும் கேளுங்கள். எடுத்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ஆளுக்குத் தெரியும். படிவத்தின் பிரதி அவர் கையில் இருக்கவேண்டும். கிராம சேவகர் முன்னிலையில் வாங்காதீர்கள். அவர் இருக்கும்போது "இல்லை" என்று சொல்வது எல்லாருக்கும் இலகுவல்ல. பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதம், பள்ளிக்கூடத்துக்குள் என்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி.

படையினரின் முகாம் வேலியும் காவலரணும் பின்னணியில் விழாமல் கோணம் வையுங்கள். ட்ரோன் அனுமதியில்லாமல் வேண்டாம். கமரா ஊருக்குள் இறங்கினால் ஆரோ ஒருவர் போன் எடுத்து விசாரிப்பார். நீங்கள் ஆர், என்ன எடுக்கிறீர்கள் என்று பதில் சொல்லலாம். படத்தில் வருபவர் ஆர் என்று நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. வந்தவர், திகதி, நேரம், கேட்டது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3 ஆம் பிரிவு, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மூன்றையும் தெரிந்த ஒரு சட்டத்தரணி, ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு காணொளியையும் பார்க்கட்டும். பயத்தில் வாயை மூட அல்ல. எந்தச் சொல்லில் நிற்கலாம் என்று தெரிந்து நிற்க.

தொழில்நுட்பம் சுருக்கமாக. போன் கமரா போதும், காசை மைக்கில் போடுங்கள். கொலர் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரணைமடுக் கட்டில் நின்று எடுத்த பேச்சு ஒன்றும் எங்களுக்குத் தேறவில்லை. தமிழில் ஆறுதலாகப் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு 450 சொல்லுக்குமேல் போகாது. எழுத்துப் பிரதியை அதற்குள் வெட்டுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கல். பறை அடிப்பவரோ நாதஸ்வரக்காரரோ ஊரிலேயே இருப்பார், காசு கொடுத்துப் பதிவுசெய்யுங்கள். அரிவிவெட்டு நாட்களில் ஆரையும் பேட்டிக்குக் கேட்காதீர்கள். வற்றாப்பளைப் பொங்கல் வாரத்தில் முல்லைத்தீவுப் பக்கம் ஒலிபெருக்கி இல்லாத ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்காது.

காட்டுவது

யூரியூப்பில் போட்டுவிட்டுப் பார்வை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு நோய். எண்ணிக்கையில் பாதி ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வரும். அது கெட்டதல்ல, ஆனால் கந்தோர் யன்னலுக்குப் போகவேண்டிய ஆள் ஒட்டுசுட்டானில் இருக்கிறார், அவருடைய போனில் டேட்டா முடிந்துவிட்டது. ஆகவே சிறிய கோப்பாகச் சுருக்கி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், சனசமூக நிலையத்தில், ரியூசன் முடிந்த கொட்டிலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் படம் என்றால் நாற்பது நிமிடம் கதை. தகவல் உரிமைக் காணொளி காட்டும் அன்று வெற்றுப் படிவமும் பேனையும் கொண்டுபோங்கள். அங்கேயே எழுதட்டும். எங்கள் கணக்கு அதுதான்: அன்று எத்தனை விண்ணப்பம் எழுதப்பட்டது, அதில் எத்தனைக்குப் பதில் வந்தது.

எதிர்த்துக் கேட்பவரைப் பேசவிடுங்கள். "இதெல்லாம் என்.ஜி.ஓ. காசில வாற கதை" என்று ஒருவர் எப்போதும் இருப்பார். ஆருடைய காசு என்று சுவரில் ஒட்டிய தாளை அவருக்குக் காட்டுங்கள். ஒரு தடவை அப்படிக் கேட்டவர் அடுத்த கூட்டத்துக்குத் தன் சகோதரியின் காணிப் பத்திரத்தோடு வந்தார்.

ஏற்றுவதற்கு முன் படத்தில் வருபவரின் வீட்டுக்குப் போனைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். தருமபுரத்து அம்மா முற்றத்தில் குந்தியிருந்து மூன்று தரம் பார்த்தார். பிறகு மேசை விரிப்பு ஊத்தையாகத் தெரிகிறது, திருப்பி எடுக்க ஏலாதா என்று கேட்டார். திருப்பி எடுத்தோம், அரை நாள் போனது.

விலகும் உரிமைக்குக் காலக்கெடு வையாதீர்கள். போன வருடம் ஒரு தம்பி இரவு ஒன்பது மணிக்கு அழைத்தான். கைதின்போது காரணம் கேட்கும் உரிமை பற்றிய காணொளியில் முகத்தோடு பேசியவன். எல்லாக் கட்டத்துக்கும் "ஆம்" போட்டவன். வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கிறானாம், எடுத்துவிடச் சொன்னான். நன்கொடையாளருக்கு அறிக்கை கொடுக்க நாலு நாள்தான் இருந்தது, அந்தக் காணொளிதான் அறிக்கையின் முதற் பக்கம். அன்றிரவே இறக்கினோம், குழுக்களில் போட்டதையும் அழிக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் எழுதினோம். அறிக்கையில் பதினொரு காணொளி என்றிருந்ததைப் பத்து என்று திருத்திக் கொடுத்தோம்.